ஊசி போன வழியில்: வாசகர் கேள்வி – பதில்

கியோட்டோவில் முதுநிலைப் பட்டம் படித்த காலத்தில் கையால் தைத்த துணிகளைப் பற்றியும், அந்தத் துணிகளின் பிறப்பிடம் தேடிச் சென்ற ஊர்களைப் பற்றியும் சென்ற இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

என் மகள் வரும் அக்டோபரில் மேற்படிப்புக்காக ஜப்பான் செல்கிறாள். பள்ளி நாள் முதல் தைப்பவள். வீட்டில் உள்ள மின் தையல் இயந்திரத்தை உடன் கொண்டு போகலாமா? – ஒரு தாய், திருநெல்வேலி

வேண்டாம், அம்மா. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட்தான். நம் இயந்திரத்தை அங்கே செருகினால் அதன் மோட்டாருக்குத் தேவையான விசை கிடைக்காது. மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் பெட்டியையும் சேர்த்துச் சுமப்பதானால், விமானத்தில் அனுமதிக்கப்படும் எடையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். படிப்பு முடிந்து திரும்பும்போது இதே தவறு மறுபக்கமாக நடப்பதும் உண்டு. அங்கே ஆசையாக வாங்கிய இயந்திரத்தை இங்கே நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். இன்னொரு செய்தியும் அவளுக்குப் பயன்படலாம். டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கியோட்டோவும் ஒசாகாவும் இருக்கும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய மின்னாக்கிகளையும் ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதால் ஏற்பட்ட இந்தப் பிரிவு இன்றும் மாறவில்லை. ஆகவே அங்கே பழைய இயந்திரம் வாங்கும்போது இரண்டு அளவுக்கும் பொருந்துமா என்று அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாணவர்கள் தங்கும் குடியிருப்புகள் பலவற்றில் சுவர்கள் மெலிந்தவை; இரவில் இயந்திரம் ஓட்டினால் அடுத்த அறைக்குக் கேட்கும். ஊசிப் பெட்டி, அளவு நாடா, நல்ல பருத்தி நூல், நீங்கள் உடுத்திப் பழகிய பழைய சேலைத் துண்டு ஒன்று ஆகியவற்றைக் கொடுத்து அனுப்புங்கள். கத்தரிக்கோலை மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.

'சஷிகோ' என்ற ஜப்பானியக் கைத்தையலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால், நாங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஓட்டுத் தையலாகத்தான் தெரிகிறது. இதில் அப்படி என்ன தனிச் சிறப்பு? – ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை, மதுரை

நீங்கள் சொல்வது சரி. முறையைப் பார்த்தால் அது ஓட்டுத் தையலேதான். அந்தத் தையலைப் போட்டவர்கள் எந்த நிலையில் இருந்து போட்டார்கள் என்பதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

ஜப்பானின் முதன்மைத் தீவான ஹோன்ஷுவின் வடமுனையில் அவோமோரி என்ற மாநிலம் இருக்கிறது. ஆளுயரத்துக்குப் பனி கொட்டும் நிலம் அது. அங்கே பருத்தி விளையாது. விளைந்ததெல்லாம் சணலைப் போல நார் தரும் ஒரு செடி; அதன் நாரை நூற்று நெய்த துணியின் இழைகளுக்கு நடுவே காற்று தடையின்றிப் புகும். இது போதாதென்று, அப்பகுதியின் மேற்குப் பாதியை ஆண்ட த்ஸுகாரு ஆட்சி 1724-இல் ஒரு சிக்கன ஆணை பிறப்பித்து, உழவர்கள் பருத்தி ஆடை உடுத்தக் கூடாது என்று தடுத்தது. ஆடையாகப் பருத்தியை உடுத்த முடியாத அந்த வீட்டுப் பெண்கள், கிடைத்த சிறிதளவு பருத்தி நூலைக் கொண்டு, அவுரி நீலம் தோய்த்த நார்த்துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இடைவெளிகளை அடைத்தார்கள். தோளிலும் முதுகிலும் மார்பிலும் நூல் நிறைந்ததும் துணி கனத்தது, குளிர் தாங்கியது, சுமை தூக்கும் தோளில் விரைவில் கிழியாமலும் நின்றது. சஷிகோவின் இந்த வட்டார வகைக்குக் 'கோகின்' என்று பெயர். நீல நிலத்தில் வெள்ளை நூலால் அடுக்கடுக்காக விரியும் சாய்சதுரங்களை இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கும் ஒருவருக்கு அவை அலங்காரமாகத் தோன்றும். அவற்றைத் தைத்த கை முதலில் நினைத்தது குளிரைத்தான்.

இழை எண்ணும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. த்ஸுகாருவின் கோகின் தையலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எண்ணுவார்கள்; அதே மாநிலத்தின் கிழக்கே நான்பு பகுதியின் 'ஹிஷிசாஷி' தையலில் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில் எண்ணுவார்கள். எண்ணிக்கை மாறுவதால் சாய்சதுரத்தின் வடிவமே மாறிவிடுகிறது: கோகினில் அது உயர்ந்து நிற்கும், ஹிஷிசாஷியில் அகன்று படுக்கும். ஒரு மேலாடையைத் தொலைவிலிருந்து பார்த்தே அதை உடுத்தியவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்லிவிடலாம். சிறு சிறு அலகுகளுக்குப் பூனைக்கண், பயறு, வண்ணத்துப்பூச்சி என்று வீட்டையும் வயலையும் சுற்றி இருப்பவற்றின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

1891-இல் டோக்கியோவின் உவேனோவிலிருந்து அவோமோரி வரை ரயில் பாதை நிறைவடைந்தபின் பருத்தி தாராளமாக வந்து சேர்ந்தது. கோகினுக்கான தேவை குறைந்து, அடுத்த தலைமுறைக்குள் தைப்பவர்களும் அருகினர். நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சோயெத்ஸு 1930-களில் இதைப் பற்றி எழுதிய பிறகே வெளியுலகின் கண் இதன்மேல் விழுந்தது.

கோகினைவிட என் மனத்தை அதிகம் அசைத்தது 'போரோ'. அச்சொல்லுக்கு நம் மொழியில் 'கந்தல்' என்றே பொருள் சொல்லலாம். கிழிந்த இடத்தில் ஒட்டு, அந்த ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு என்று பல தலைமுறைகள் தைத்துத் தைத்து, முதல் துணி எது என்றே தெரியாமல் போன ஆடைகளும் படுக்கை விரிப்புகளும் அவை. வெட்கப்பட்டு மறைக்கப்பட்ட, எரிக்கப்பட்ட இந்தத் துணிகளைத் தனாகா சூசபுரோ (1933–2013) என்பவர் அவோமோரியின் ஊர் ஊராக நடந்து, வீட்டாரிடம் பேசித் திரட்டினார். அவர் திரட்டிய தையல் ஆடைகளில் 786 பொருட்களை 1983-இல் ஜப்பான் அரசு முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன மண்ணில் பிறந்த நமக்கு அந்த உழைப்பின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த அதே தையல் ஒரு நாட்டின் வடகோடியில் மக்களைக் குளிரிலிருந்து காத்தது என்பதை உங்கள் பழைய மாணவிகளுக்கும் சொல்லுங்கள்.

சஷிகோவை எங்கிருந்து தொடங்குவது? இங்கே கிடைக்கும் பொருட்கள் போதுமா? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

போதும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த கை என்றால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் சஷிகோவும் கட்டங்களின் மேல்தான் எழுகிறது. நெருக்கமில்லாமல் நெய்த கைத்தறிப் பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி ஏறாத அளவுக்கு இறுக்கமான துணி வேண்டாம். நூல் பளபளப்பில்லாத, பல இழைகள் சேர்த்து முறுக்கிய பருத்தி நூலாக இருக்க வேண்டும். எம்பிராய்டரிக்கு வைத்திருக்கும் வளையத்தை எடுக்காதீர்கள். துணியை இடக்கையில் பிடித்து, ஊசியை அசைக்காமல் துணியை மேலும் கீழும் மடித்து ஊசியில் கோத்துக்கொண்டே போய், ஒரு வரிசை சேர்ந்ததும் நூலை இழுத்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தையலை நீவி விட வேண்டும். இந்த நீவுதலைத் தவறவிட்டால், தைக்கும்போது அழகாக இருக்கும் துணி முதல் சலவையில் சுருங்கிவிடும்.

தையலின் நீளம் ஓர் அரிசி மணி அளவு இருக்கட்டும். மேலே தெரியும் தையல் சற்று நீளமாகவும் அடியில் போவது சற்றுக் குட்டையாகவும் இருப்பது மரபு. கோடுகள் சந்திக்கும் மையத்தில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நடுவில் சிறு வெற்றிடம் விட்டால்தான் வடிவம் மலர்ந்து தெரியும். முடிச்சுப் போடாமல், தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் மூன்று நான்கு தையல்களின் மேலேயே திரும்பத் தையுங்கள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே துப்புரவாக இருக்கும்.

முதல் வடிவமாக 'அசனோஹா' என்ற நார்ச்செடி இலையைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் செடி நேராகவும் விரைவாகவும் வளரும் என்பதால், பிள்ளையும் அப்படியே வளர வேண்டும் என்று வேண்டிக் குழந்தையின் ஆடையில் அதைத் தைப்பார்கள். ஒரு முழ அகலமுள்ள வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துத் தைத்தால் சமையலறைக்கான கைத்துணி ஆகிவிடும். தைக்கப் பழகும் பெரும்பாலோர் அங்கே அதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. கியோட்டோவில் முதல் ஆண்டு, பழைய துணிச் சந்தையில் வாங்கிய நீலத் துணித் துண்டுகளைத் தனியே அலசிப் பார்க்காமல் வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்தேன். ஒரு மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து முடித்த விரிப்பு, முதல் சலவையில் முழுவதும் மங்கிய நீலமாகிவிட்டது. அன்று அழுதேன். அன்று முதல், எந்த நீலத்தையும் சாயம் நின்று நீர் தெளியும் வரை அலசிவிட்டே ஊசியைத் தொடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மாணவராக இருந்துகொண்டு இத்தனை ஊர்களுக்கு எப்படிப் போனீர்கள்? செலவை எப்படிச் சமாளித்தீர்கள்? – பொறியியல் மாணவர், சேலம்

அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் அதில் பாதிக்கும் குறைவாகவே செய்தேன், ஆனால் சேர்ந்த பணம் முழுவதும் பயணத்துக்கே போனது. சுற்றுலாப் பயணிகள் வாங்கும் ரயில் சலுகைச் சீட்டு மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இதை அறியாமல் வருபவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். நமக்குக் கைகொடுப்பது விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்கும் 'செய்ஷுன் 18' என்ற சீட்டு. பெயரில் பதினெட்டு இருந்தாலும் எந்த வயதினரும் வாங்கலாம். சாதாரண ரயில்களில் மட்டும் ஏறலாம். 2024-இன் குளிர்காலம் முதல் இது தொடர்ச்சியாக மூன்று நாள் அல்லது ஐந்து நாள் என்று மாறியிருக்கிறது. அப்போது அறிவித்த விலை முறையே 10,000 யென், 12,050 யென். முன்பு விட்டு விட்டு ஐந்து நாட்களைப் பயன்படுத்த முடிந்தது, மாணவர்களுக்கு அதுவே வசதியாக இருந்தது.

சாதாரண ரயிலில் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கே ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். இடையில் பல முறை மாறி ஏற வேண்டும். எனக்கு அது சலிப்பாக இருந்ததே இல்லை, ஏனென்றால் என் கைத்துணிகளில் பாதி அந்த இருக்கைகளில்தான் தைக்கப்பட்டன. அவோமோரி மாநிலத்தின் ஹிரொசாகி நகருக்குப் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தேன். அங்குள்ள கோகின் ஆய்வு நிலையம் இயங்கும் வெள்ளைக் கட்டடம் 1932-இல் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் மயேகாவா குனியோவின் முதல் படைப்பு அது. அவர் பாரிஸில் பணிபுரிந்தது, பின்னாளில் நம் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயிடம். அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து இழை எண்ணிய பிற்பகலை என்னால் மறக்க முடியாது.

தொலைவு போக முடியாத மாதங்களில் கியோட்டோவிலேயே இரண்டு சந்தைகள் உண்டு. ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி தோஜி கோயிலிலும், 25-ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயிலிலும் கூடும் சந்தைகளில் பழைய கிமோனோக்கள் குவிந்து கிடக்கும். கிமோனோ என்பது ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே சுருளை நேர்க்கோட்டில் மட்டுமே வெட்டித் தைத்தது என்பதால், தையலைப் பிரித்துவிட்டால் மீண்டும் நீண்ட பட்டைகளாகவே கைக்கு வரும். துணியில் ஒரு விரற்கடை கூட வீணாகாத அந்த வெட்டு முறையை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன்.

அவுரிச் சாயம் அங்கேயும் நம் அவுரிதானா? – விவசாயி, திண்டிவனம்

இல்லை, ஐயா. உங்கள் பகுதியில் பயிராகும் அவுரி பருப்பு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அங்கே பயிரிடுவது குளிர்ப் பகுதியிலும் வளரும் வேறொரு குடும்பத்துச் செடி. இரண்டிலிருந்தும் கிடைக்கும் நீலம் ஒன்றே, எடுக்கும் வழிதான் வேறு. நம் ஊரில் பச்சை இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் கலக்கி, அடியில் படியும் நீலத்தை வில்லைகளாகக் காயவைப்பார்கள். ஷிகோகு தீவின் தொகுஷிமாவில் இலையை உலர்த்தி, குவித்து, நீர் தெளித்துப் புரட்டி, ஏறத்தாழ நூறு நாட்கள் மட்கச் செய்கிறார்கள். எரு போன்ற அந்தப் பொருளுக்கு 'சுகுமோ' என்று பெயர். யோஷினோ ஆறு அடிக்கடி பெருக்கெடுத்து வண்டல் கொட்டும் நிலம் அது. புயல் காலம் வருமுன் அறுவடை செய்துவிடலாம் என்பதால், நெல்லைவிட அவுரியே அங்கே நிலைத்தது. அய்சுமி என்ற ஊரிலுள்ள அவுரி அருங்காட்சியகத்தில் ஒரு கைக்குட்டையை நானே தோய்த்தேன். தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது பச்சையாக இருந்த துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறியது. உங்களுக்கு அது பழகிய காட்சியாக இருக்கும்.

நம் நெசவுக்கும் ஜப்பானுக்கும் பழைய தொடர்பு ஏதேனும் உண்டா? – வாசகர், மயிலாப்பூர், சென்னை

நீங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரே அதற்குச் சான்று. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் குடியேறித் தங்கள் ஊருக்குச் சாந்தோம் என்று பெயரிட்டார்கள். சோழமண்டலக் கடற்கரையில் நெய்த மெல்லிய கோடிட்ட பருத்தித் துணி அந்நியக் கப்பல்கள் வழியே ஜப்பானை அடைந்தபோது, அங்குள்ளவர்கள் அதை அந்தத் துறையின் பெயராலேயே 'சந்தோமே' என்று அழைத்தார்கள். பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சு வணிகக் குழுமம், 1641 முதல் நாகசாகியின் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவில் இருந்துகொண்டு ஜப்பானோடு வணிகம் செய்தது. ஐரோப்பியரில் வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லாத காலம் அது. அவர்கள் இறக்கிய சரக்குகளில் நம் கரையின் துணியும் இருந்தது. ஆழ்ந்த நீலத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாக மெல்லிய கோடுகள் ஓடும் அந்தத் துணி, பட்டு உடுத்தத் தடை இருந்த நகர வணிகர்களுக்குப் பட்டின் மினுமினுப்பைத் தந்தது என்பதால் மிகவும் விரும்பப்பட்டது. பிறகு ஜப்பானிலேயே அதைப் பார்த்து நெய்தார்கள். கடல் கடந்து வந்த மூலத் துணியை வேறுபடுத்த 'தோசான்' என்று சொல்லப் போய், நாளடைவில் உள்ளூரில் நெய்ததற்கும் அப்பெயரே நிலைத்தது.

டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள கவாகோயே நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துணிக்குப் புகழ்பெற்றது. அங்கே ஒரு கடையில் அந்தக் கோடுகளைப் பார்த்ததும், வீட்டில் தாத்தா உடுத்திய கைலியின் நினைவு வந்து நெடுநேரம் நின்றுவிட்டேன். கடைக்காரப் பாட்டியிடம், இந்தத் துணியின் பெயரில் உள்ள ஊர் எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்து, அந்த ஊரில் இன்றும் அப்படி நெய்கிறார்களா என்று கேட்டார். சாந்தோமில் இன்று தறி இல்லை என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருந்தது.

ஊசிக்கு அங்கே விழா எடுப்பதாக எழுதியிருந்தீர்களே, நம் ஆயுத பூஜை போலவா? – தையல்காரர், ஈரோடு

நெருங்கிய உறவு என்றே சொல்வேன். 'ஹரி-குயோ' என்று பெயர். நாம் வேலை செய்யும் கருவிக்குப் பொட்டு வைக்கிறோம். அவர்கள் உடைந்துபோன ஊசிக்கு விடை கொடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் முறிந்த, வளைந்த ஊசிகளைச் சேர்த்து வைத்து, டோக்கியோவின் அசாகுசாவில் பிப்ரவரி 8-ஆம் தேதியும், கியோட்டோவின் ஹோரின்-ஜி கோயிலில் டிசம்பர் 8-ஆம் தேதியும் கொண்டுவந்து, தோஃபு என்ற மென்மையான சோயாக் கட்டியிலோ கொன்னியாகு என்ற கிழங்குக் கட்டியிலோ குத்தி வைப்பார்கள். கடினமான துணிகளில் நுழைந்து உழைத்த ஊசி இனி மென்மையான இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்பது அதன் பொருள். என் முதல் சஷிகோ ஊசியை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

கட்டுரையில் படத்தோடு வந்த முக்கோணப் பையை எப்படித் தைப்பது? கிமோனோத் துணிக்கு நாங்கள் எங்கே போவது? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

(ஏழு என்று தொடங்கினேன், இந்தக் கடிதம் பிறகு வந்தது, விட மனமில்லை.) கிமோனோத் துணி வேண்டாம். பழைய நான்கு முழ வேட்டி அதைவிடப் பொருத்தமானது. அந்தப் பையின் பெயர் 'அஸுமா புகுரோ'. அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள துணி ஒன்றும், நேரான இரண்டு தையல்களும் போதும்.

வேட்டியின் அகலம், கரையிலிருந்து கரை வரை, ஏறத்தாழ 127 சென்டிமீட்டர் இருக்கும். அந்த அகலம் முழுவதையும் பட்டையின் நீளமாகக் கொண்டு, 45 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையை வெட்டுங்கள். வெட்டிய இரண்டு ஓரங்களையும் ஒன்றரைச் சென்டிமீட்டர் உள்ளடக்கி மடித்துத் தைத்தால் 42 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். பட்டையை நல்ல பக்கம் மேலே தெரிய, குறுக்காக விரித்து, மூன்று சம பாகங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். வலப் பாகத்தை நடுப் பாகத்தின் மேல் மடித்து, அவை இரண்டும் சேரும் கீழ் ஓரத்தைத் தையுங்கள். அடுத்து இடப் பாகத்தை அதன் மேல் மடித்து, மேல் ஓரத்தில் நடுப் பாகத்தோடு மட்டும் சேர்த்துத் தையுங்கள். இடையில் இருக்கும் வலப் பாகம் இந்தத் தையலில் மாட்டிக்கொள்ளாமல் விலக்கிப் பிடிப்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய ஒரே இடம். நல்ல பக்கம் வெளியே வரும்படி புரட்டினால் இரண்டு முனைகள் முக்கோணமாக எழும்பி நிற்கும். அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் அதுவே கைப்பிடி. வேட்டியின் இரண்டு கரைகளும் பட்டையின் இரு நுனிகளில் இருந்தன அல்லவா? அங்கே மடித்துத் தைக்கவும் தேவையில்லை. தைத்து முடித்ததும் அந்தக் கரைகள் பையின் வாய் ஓரமாக ஏறி, முடிச்சு விழும் முனை வரை வந்து நிற்கும்.